இன்று யாருடைய பாடு?

கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பெரியகோவிலூருக்கு அறப்பளீசுவரரைப் பார்க்கப் போகிறவர்கள் கோயிலோடு திரும்பிவிடுவதில்லை. பக்கத்தில் ஓடும் ஐயாற்றுக்கு இறங்கி, படித்துறையில் கூட்டமாக வந்து மொய்க்கும் மீன்களுக்குப் பொரி போடுகிறார்கள். அந்த மீனை யாரும் பிடிப்பதில்லை. அறுத்துச் சமைத்த மீனுக்கே உயிர் கொடுத்து ஆற்றில் விட்டவர் இந்த ஈசுவரர் என்பது தலத்துக் கதை. கதையே அங்கே காவல். தண்டம் விதிக்க ஆள் வேண்டியதில்லை, அறிவிப்புப் பலகையும் வேண்டியதில்லை. கர்நாடகத்தில் சிருங்கேரியிலும் சிசிலாவிலும் கோயிலடி ஆற்று மீன்கள் இப்படித்தான் தப்பிப் பிழைத்து வருகின்றன.

அதே ஐயாறு கொஞ்ச தூரத்தில் ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலை வழியாக இறங்கிக் காவிரியில் சேர்கிறது. காவிரி பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. மலையில் சாமியாக இருந்த மீன் அங்கே தொழிலாகிவிடுகிறது. அதுவரை ஒரு கதை செய்த காவலைக் கடலில் யார் செய்வது? கடற்கரை மீன்வளத்தை அரசு காக்க வேண்டுமா, சந்தை காக்குமா, மீனவ ஊர்களே காக்க முடியுமா என்று உலகம் அரை நூற்றாண்டுக்கு மேலாக விவாதித்து வருகிறது. தமிழ்க் கரைக்கு அந்த விவாதத்தில் சொந்தமாக ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைப் பற்றி நாமே போதிய அளவு பேசவில்லை என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மலையில் காவல் எளிதாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. நீர் சிறியது, கரையில் நிற்கும் எல்லோர் கண்ணுக்கும் படுகிறது. அந்த மீனைப் பிடித்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலை யாருக்கும் இல்லை. கடலில் இந்த இரண்டும் தலைகீழ். நீருக்கு வேலி கிடையாது, மீன் ஓரிடத்தில் நிற்காது, பிடிக்காவிட்டால் அன்றைக்குச் சோறில்லை. இப்படிப்பட்ட பொதுச் சொத்து அளவுக்கு மீறிச் சுரண்டப்படும் என்று ஹெச். ஸ்காட் கார்டன் என்ற பொருளியலாளர் 1954இல் மீன்பிடித் தொழிலை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டினார். 1968இல் கேரட் ஹார்டின் அதைப் பொதுநிலத்தின் அவலம் என்று பெயரிட்டுப் பரப்பினார். ஒவ்வொருவரும் தன் பங்கைப் பெருக்கப் பார்ப்பார்கள், எல்லோரும் சேர்ந்து கெடுவார்கள். ஆகவே ஒன்று அரசு எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உலகெங்கும் மீன்வளத் துறைகள் இந்தப் பாடத்தைப் படித்துத்தான் வளர்ந்தன.

இந்தப் பாடத்தை மறுத்தவர்களில் முதன்மையானவர் எலினோர் ஆஸ்ட்ரம். 1990இல் வந்த அவருடைய நூலில் துருக்கியின் அலன்யா கரையைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அங்குள்ள மீனவர்கள் செப்டம்பரில் சீட்டுப் போட்டு மீன்பிடி இடங்களைப் பிரித்துக்கொள்கிறார்கள். பிறகு ஜனவரி வரை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு படகும் ஓர் இடம் கிழக்கே நகர்கிறது, ஜனவரிக்குப் பிறகு மேற்கே. நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் மாறி மாறிக் கிடைக்கின்றன. அடுத்தவன் இடத்தில் வலை போட்டால், அன்று அந்த இடத்துக்கு உரியவனே கண்டுபிடித்துவிடுவான். தனியாகக் கண்காணிக்க ஆள் தேவையில்லை. 2009இல் ஆஸ்ட்ரமுக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தபோது அலன்யா உலகப் புகழ் பெற்றது.

இதைப் படித்தபோது எனக்குப் பழவேற்காடுதான் நினைவுக்கு வந்தது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை திருவள்ளூர் மாவட்டத்தில். அங்கே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்ற மூன்று ஊர்கள் தலைமுறை தலைமுறையாக ஏரியை ‘பாடு’ வைத்துப் பங்கிட்டு வருகின்றன. முகத்துவாரத்தை ஒட்டி, கடலுக்குத் திரும்பும் இறால் தவறாமல் கடக்கும் சில இடங்கள் உண்டு. கழி ஊன்றி வலை கட்ட அங்கேதான் முடியும், அதுவும் குறைந்த எண்ணிக்கையில்தான் முடியும். எந்த நாளில் எந்த ஊர், எந்த இடத்தில் யார் குழு என்பதை முறைவைத்தும் சீட்டுப் போட்டும் முன்கூட்டியே தீர்த்துவிடுகிறார்கள். இன்று உன் பாடு, நாளை என் பாடு.

பாடு என்ற சொல்லை நான் எளிதில் கடந்துபோக முடியவில்லை. நம் மொழியில் அது உழைப்பு, துன்பமும்கூட. கடற்கரையில் மீன்பாடு என்றால் கிடைத்த மீனின் அளவு. பழவேற்காட்டில் அதுவே முறை, உரிமை. உழைப்பும் கிடைப்பதும் உரிமையும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. எந்தத் துறை அறிக்கையிலும் இவ்வளவு கச்சிதமாக இந்த மூன்றும் சேர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

பாடு முறை மீனைக் காப்பதற்காக ஏற்பட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை கிலோவுக்கு மேல் பிடிக்காதே என்று அது சொல்வதில்லை. யாருக்கு எப்போது எங்கே என்பதை மட்டும் சொல்கிறது. அதன் நோக்கம் நியாயம், அதாவது ஒரே நல்ல இடத்துக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளாமல் இருப்பது. ஓரிடத்தில் ஒரு நாளில் இத்தனை வலைதான் என்று ஆகிவிடுவதால் மீனும் கொஞ்சம் பிழைக்கிறது. அது பக்கவிளைவாகக் கிடைத்த நன்மை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல், ஊர்க்கட்டுப்பாட்டை அரசின் இயற்கைப் பாதுகாப்புத் திட்டத்துக்குச் சம்பளமில்லாத காவலாளாக மாற்றப் பார்க்கிறவர்கள் கடைசியில் ஏமாந்துபோகிறார்கள். பங்கு நியாயமாக இருக்கும்வரைதான் ஊர் விதியைக் காக்கும். பங்கு கோணினால் விதியும் கோணும்.

பழவேற்காட்டுப் பங்கிலேயே அந்தக் கோணல் இருக்கிறது. அந்த ஊர்களின் பட்டினவர் சமூகத்தில் பிறந்து, தலைக்கட்டாக, அதாவது குடும்பத் தலைவராக, ஊர்ப் பதிவில் ஏறிய ஆணுக்கு மட்டுமே பாடு உண்டு. ஏரியை நம்பி வாழும் பட்டியல் சாதி மீனவர்களுக்கு இல்லை. கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் இல்லை. வேறு ஊர்க்காரர்கள் பாடு இடங்களுக்கு வெளியே, குறைந்த மீன் கிடைக்கும் நீரில்தான் வலை விரிக்க முடியும். சாரா கூல்ட்ஹார்ட் போன்ற ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இறாலுக்கு ஏற்றுமதி விலை கிடைக்கத் தொடங்கிய பிறகு, வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. சண்டை வந்தது, வழக்கும் வந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு அவ்வளவு நேர்த்தியான அந்த நீதி, வெளியே நிற்பவர்களுக்கு மூடிய கதவுதான். சமூக மேலாண்மை என்று பெருமையாகப் பேசும்போது, அந்தச் சமூகத்துக்குள் யார் யார் என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கட்டுதெல் எனப்படும் கழிவலைக்குச் சீட்டு முறை உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்த மீனவர் சங்கங்கள் அதை நடத்துகின்றன. அரசு அந்த வழக்கத்தைச் சட்டவிதியாகவே ஏற்றுக்கொண்டது. நம்மூரில் நடக்காத காரியம் இது. அதே தீவின் தென்கரையில், மாவெல்லவில் நடந்தது வேறு கதை. கரைவலைக்கு அங்கேயும் நாள் முறை இருந்தது. ஆனால் தந்தையின் வலைப்பங்கு மகன்களுக்குப் பிரிந்து, புதுப்புது வலைகள் சேர்ந்துகொண்டே போயின. எல்லோருக்கும் சமமான முறை கிடைத்தது என்றாலும், ஒருவரின் முறை திரும்ப வருவதற்குள் நாட்கள் கழிந்தன. கரைக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு பணம் வலைகளில் முடங்கியது. பால் அலெக்சாண்டர் எழுதிய அந்த ஆய்வை ஆஸ்ட்ரம் தோல்விக்கு எடுத்துக்காட்டாக வைத்தார். முறை வைப்பது மட்டும் போதாது, எத்தனை வலை என்ற எல்லையையும் ஊர் போட வேண்டும்.

ஏரியையும் களப்பையும் விட்டு, திறந்த கடலுக்கு வருவோம். சோழமண்டலக் கரையில் பட்டினவர் ஊர்களின் பஞ்சாயத்து மிகப் பழைய அமைப்பு. நாட்டார், பஞ்சாயத்தார் என்று பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். கொல்லிமலையில் ஊர்த்தொகுதியை நாடு என்கிறார்கள், கடற்கரையில் ஊரின் மூத்தவரை நாட்டார் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் அரசு வருவதற்கு முன்பே ஆட்சி இருந்தது என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வசூல் செய்வது, கோயில் திருவிழா, கடலில் வலை அறுந்த வழக்கு, குடும்பச் சண்டை எல்லாம் ஊர்க்கூட்டத்தில்தான் தீரும். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்தில் 64 ஊர்கள் சேர்ந்த கூட்டமைப்பு உண்டு. ஓர் ஊரால் தீர்க்க முடியாதது அங்கே போகும்.

ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஆய்வாளர் மார்டன் பவிங்க் 1990களில் சென்னைக்கு அருகிலும் தெற்கிலுமுள்ள ஊர்களில் தங்கி, இந்தப் பஞ்சாயத்துகள் புதிய சில வலைகளைக் கூடிப் பேசித் தடைசெய்ததைப் பதிவு செய்தார். ஒரே கடலுக்கு மூன்று போட்டியாளர்கள் என்று அவர் சொன்னார். மீனவ ஊர், விசைப்படகு உரிமையாளர், அரசு. ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டம். ஊரின் சட்டத்துக்குப் பலம் சேர்ப்பது அபராதமும் ஒதுக்கிவைத்தலும். ஒதுக்கிவைத்தல் என்றால் கடலுக்குப் போகும்போது கூட வர ஆளிருக்காது, ஏலத்தில் மீனை வாங்க ஆளிருக்காது, சாவுக்கும் ஆள் வராது. அந்தத் தண்டனை எவ்வளவு கொடியதோ அவ்வளவு பயனுள்ளதாகவும் இருந்தது. ஒருவரை ஒருவர் நம்பித்தான் கடலில் உயிர் பிழைக்க முடியும் என்ற இடத்தில் ஊரை எதிர்த்து நிற்பவர் மிகக் குறைவு. அந்தத் தண்டனை தவறாகப் பயன்பட்டபோது, நீதி கேட்கப் போக இடமில்லாமல் தவித்த குடும்பங்களும் உண்டு. ஊர்க்கட்டுப்பாட்டைப் போற்றுகிறவர்கள் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தப் பஞ்சாயத்துகளுக்கு வந்த மிகப் பெரிய சோதனை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிவாரணம் எங்கிருந்து வந்தாலும் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகவே பிரிந்தது. இழந்தவர், இழக்காதவர் என்று பாராமல் வீட்டுக்கு வீடு சமமாகப் பிரித்த ஊர்கள் பல. வெளியிலிருந்து வந்த தொண்டர்களுக்கு அது அநியாயமாகத் தெரிந்தது. ஊருக்கோ, பிரிவினை வந்துவிடாமல் இருப்பதே நியாயம். ஆனால் தலைக்கட்டு ஆண் இல்லாத வீட்டை, அதாவது விதவையின் வீட்டை, அந்தப் பங்கில் எப்படி எண்ணுவது? மீன் சுமந்து விற்கும் பெண்ணுக்கும், கரையில் கூலி வேலை பார்க்கும் தலித் குடும்பத்துக்கும் பங்கு உண்டா? இந்தக் கேள்விகள் அப்போதுதான் உரத்து எழுந்தன. இன்னொரு விளைவையும் அந்தப் பேரலை விட்டுச் சென்றது. நன்கொடையாக வந்த பைபர் படகுகள் பல கரைகளில் முன்பிருந்த எண்ணிக்கையைத் தாண்டின. கட்டுமரத்தில் கூலியாகப் போனவர் படகுச் சொந்தக்காரரானார். நல்லதுதான், ஆனால் அதே கடல், அதே மீன்.

இதற்கெல்லாம் முன்பே பெரிய உடைப்பு நிகழ்ந்துவிட்டது. 1950களின் தொடக்கத்தில் நார்வே நாட்டு உதவியுடன் கேரளத்தில் தொடங்கிய இயந்திரமயமாக்கல் மெல்லத் தமிழ்க்கரைக்கும் வந்தது. ஏற்றுமதி இறாலுக்குக் கிடைத்த விலை இழுவை மடியைக் கரைக்கு அருகிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. கட்டுமரக்காரரின் வலைகளை விசைப்படகுகள் அறுத்துச் சென்றன. 1970களில் கோவாவிலும் கேரளத்திலும் சென்னையிலும் மோதல்கள் வெடித்தன, உயிர்கள் போயின. மத்திய அரசு 1976இல் மஜும்தார் குழுவை அமைத்தது. மாநிலச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன, தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள், ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டருக்குள், விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது அப்போது அதன் முதுகெலும்பாக இருந்தது.

விதி தெளிவானது, ஆனால் காவல் இல்லை. 1,076 கிலோமீட்டர் கரை, 608 மீனவ ஊர்கள் என்று அரசு சொல்லும் மாநிலத்தில், துறையின் கண்காணிப்புப் படகுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்று மைல் எல்லையை உண்மையில் காத்தது எங்கே என்று பார்த்தால், பெரும்பாலும் கரையூர்கள் கூடி எதிர்த்த இடத்தில்தான். இராமநாதபுரம் பக்கத்தில் பாக் நீரிணையில் ஏற்பட்ட ஏற்பாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. மோதலும் பேச்சுவார்த்தையும் சேர்ந்து பிறந்த உடன்பாடு அது. அரசு பிறகு ஆணையாக்கியது. உற்றுப் பார்த்தால் அதுவும் பாடுதான். பழவேற்காட்டில் ஊருக்கு ஊர் மாறிய முறை, இங்கே படகு வகைக்கு வகை மாறுகிறது.

அந்த மூன்று நாளில் இராமேசுவரத்து இழுவைப்படகுகள் போவது பெரும்பாலும் எல்லைக்கு அப்பால். 2009இல் போர் முடிந்து வடக்கு இலங்கைத் தமிழ் மீனவர் கடலுக்குத் திரும்பியபோது, அவர்கள் வலையை அறுத்தவை நம் படகுகள். இதை எழுதும்போது கை கூசுகிறது. இலங்கைக் கடற்படையின் சூட்டில் இறந்த நம் மீனவர்களுக்காக அழும் நாம், யாழ்ப்பாணத்து மீனவரின் அறுந்த வலைக்காகவும் அழக் கடமைப்பட்டவர்கள். 2010 ஆகஸ்டில் இருதரப்பு மீனவப் பிரதிநிதிகளும் சென்னையில் உட்கார்ந்து பேசினார்கள். ஓராண்டுக்குள் இழுவைமடியை நிறுத்துவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் மட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். இரண்டு அரசுகளும் அதற்குக் கைகொடுக்கவில்லை, உடன்பாடு காகிதத்தோடு நின்றது. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டமாகவே தடைசெய்தது. அதே ஆண்டு இந்தியா 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரைத் தூண்டில் படகுகளாக மாற்றும் திட்டத்தை அறிவித்தது, அது எட்ட வேண்டிய தூரத்தை எட்டவில்லை. ஓர் ஊருக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பிறந்த நீதியை நாட்டு எல்லை தாண்டிக் கொண்டுபோக முயன்ற அந்தப் பேச்சை வெறும் தோல்வியாக எழுதிக் கணக்கை முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அரசுகள் செய்யாத அளவுக்கு நேர்மையாக மீனவர்கள் தங்கள் தவற்றை ஒப்புக்கொண்ட இடம் அது.

விசைப்படகு எதிர் நாட்டுப்படகு என்ற கதை ஒருவகையில் எளிது. ஊருக்கு வெளியே எதிரி இருக்கிறான். சுருக்குமடி வந்தபோது எதிரி ஊருக்குள்ளேயே இருந்தான். மத்தி, அயிலை போன்ற கூட்டமீனை வளைத்துச் சுருக்கி அள்ளும் பெரிய வலை அது. சுனாமிக்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம் கரைகளில் வேகமாகப் பரவியது. ஒரு வலைக்குப் பல லட்சம் ஆகும். தனியாளால் முடியாது என்பதால் பல குடும்பங்கள் நகை அடகு வைத்துப் பங்கு போட்டு வாங்கின. மாநில அரசு 2000இலேயே இந்த வகை வலையைத் தடைசெய்திருந்தது. தடையை நடைமுறைப்படுத்தக் கேட்டு ஒரு பகுதி ஊர்களும், அனுமதி கேட்டு இன்னொரு பகுதி ஊர்களும் உண்ணாவிரதம் இருந்தன. இரண்டு பக்கமும் பஞ்சாயத்து, இரண்டு பக்கமும் ஊர்க்கட்டுப்பாடு. 64 ஊர்களும் ஒரே குரலில் பேச முடியாமல் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மாநிலக் கடலான 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணிவரை இவ்வலையைப் பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் இடைக்கால உத்தரவு வந்தது.

நீதிபதிகள் நாள் முறையும் நேர முறையும் வகுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஊர்ப் பஞ்சாயத்து செய்துவந்த அதே வேலை. அதை ஊர்களே செய்ய முடியாமல் போனது ஏன்? பங்குப்பணம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஊரில் பாதிக் குடும்பங்கள் ஒரு வலையில் கடன்பட்டு முதல் போட்ட பிறகு, அந்த வலையை ஊர் தடைசெய்யாது. கார்டனும் ஹார்டினும் சொன்ன பேராசை இங்கே வேலை செய்யவில்லை. வட்டிக்கடைதான் வேலை செய்தது. மீன்வள மேலாண்மை பற்றிய எழுத்தில் கடன் பற்றி வருவது மிகக் குறைவு. மீனவரின் படகில் வியாபாரி கொடுத்த முன்பணம் இருக்கும்போது, அவர் எந்த வலையைப் போடுவது, எப்போது ஓய்வெடுப்பது என்பதில் அவருக்கே முழு உரிமை இல்லை.

இந்த இடத்தில் மன்னார் வளைகுடாவின் பெண்களைச் சொல்லாமல் போக முடியாது. இராமேசுவரம் தீவின் சின்னப்பாலம் உள்ளிட்ட ஊர்களில், பெண்கள் முக்குளித்து மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறார்கள். 1986இல் 21 தீவுகளும் தேசியப் பூங்காவானபோது, தலைமுறைகளாகப் பாசி எடுத்த இடம் ஒரே நாளில் குற்றமிழைக்கும் இடமானது. வனத்துறையோடு பல ஆண்டு மோதல். ஆண்களின் பஞ்சாயத்து அவர்களுக்காகப் பெரிதாகப் பேசவில்லை. அவர்களே சங்கமாகக் கூடினார்கள், விதியும் போட்டார்கள். மாதத்தில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய 12 நாள் மட்டும் பாசி எடுப்பது. பவளப்பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைக் கைவிட்டு, கையாலேயே பறிப்பது, வேரோடு பிடுங்காமல் விடுவது. அந்தப் பெண்களில் ஒருவருக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் விருது கிடைத்தது. ஊர்ப்பதிவில் தலைக்கட்டாக ஏற முடியாதவர்கள் நம் கரையின் மிகத் தெளிவான வளக்காப்பு விதிகளில் ஒன்றை எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தத் துறையும் வகுப்பு எடுக்கவில்லை. பாசி வேரோடு போனால் அடுத்த மாதம் தங்கள் சட்டி காயும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உலகில் வேறு இடங்களில் அரசு இந்த அறிவுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்திருக்கிறது. ஜப்பானில் 1949ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம் கரையோர நீரின் உரிமையை உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கங்களிடம் வைத்தது. சிலியில் 1991 முதல் மீனவர் சங்கங்களுக்குக் கடலடிப் பரப்பை எல்லை வகுத்துக் கொடுக்கிறார்கள், அழியும் நிலைக்கு வந்த லோக்கோ என்ற கடல்நத்தை மீண்டது. பிலிப்பைன்சில் 15 கிலோமீட்டர் கடல் உள்ளாட்சியின் பொறுப்பு. தொலைவுக்குப் போக வேண்டாம், கொல்லத்தில் அஷ்டமுடிக் காயலின் மட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இனப்பெருக்க மாதங்களில் ஓய்வு, குஞ்சு தப்பும் அளவுக்கு வலைக்கண், சிறிய மட்டிக்குத் தடை, இவற்றை மட்டி எடுப்பவர்களும் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நடத்தினார்கள். 2014இல் நிலைத்த மீன்பிடிப்புக்கான எம்.எஸ்.சி. சான்று இந்தியாவில் முதன்முதலாக அந்த மட்டிக்குக் கிடைத்தது. கேரளம் 2017இல் தன் சட்டத்தைத் திருத்தி, கிராமம், மாவட்டம், மாநிலம் என்று மூன்றடுக்கு மீன்வள மேலாண்மைக் குழுக்களுக்கு இடம் செய்தது.

அதே 2014இல்தான் உலக உணவு வேளாண் அமைப்பின் சிறுதொழில் மீன்பிடிப்பு வழிகாட்டு நெறிகள் ஏற்கப்பட்டன. சிறுதொழில் மீன்பிடிப்புக்கென்றே உலக அளவில் எழுத்தில் வந்த முதல் ஆவணம் அது, சமூகங்களின் வழக்காற்று உரிமையை நாடுகள் மதிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர் சென்னையிலிருந்து இயங்கிய பன்னாட்டு மீன்தொழிலாளர் ஆதரவுக் குழுவின் சந்திரிகா சர்மா. அந்த ஆண்டு மார்ச்சில் மறைந்த மலேசிய விமானத்தில் அவரும் இருந்தார். நெறிகள் அவர் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. அவர் வாழ்ந்து வேலை செய்த மாநிலத்தின் சட்டத்தில் அந்த நெறிகளின் சாரம் ஏறவில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

தமிழ்நாட்டில் இன்று உறுதியாக நடப்பது தடைக்காலம். 2001இல் 45 நாளாகத் தொடங்கி, இப்போது கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் துறைமுகத்தில் நிற்கின்றன. இதன் பலனை மீனவர்களே பேசுகிறார்கள். ஆனால் எந்த மாதம் நிற்பது, எந்த மீனின் முட்டைக்காலம் எது என்று அவர்களிடம் கேட்டு வகுத்த அட்டவணை அல்ல அது. மேலிருந்து வந்தது. இராமேசுவரத்து மீனின் முட்டைக்காலமும் பழவேற்காட்டு இறாலின் காலமும் ஒன்றல்ல என்பது கரையில் நிற்கும் சிறுவனுக்கும் தெரியும்.

மறுபடியும் கொல்லிமலைக்கு வருகிறேன். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பூம்புகாரில் மீனவர்களுக்குப் பயிற்சி மையம் நடத்துகிறது, இந்த மலையில் சாமை, தினை, கேழ்வரகு விதைகளுக்காக முப்பது ஆண்டுகளாக வேலை செய்கிறது. மரவள்ளிக்கிழங்கு நல்ல விலை தந்ததால் சாமை வயல்கள் சுருங்கின, வீட்டுத் தொம்பையில் விதை காலியானது. ஊர் விதைவங்கிகளை ஏற்படுத்தினார்கள். வாங்கிய விதையைக் கூடுதலாகத் திருப்பித் தரும் பழக்கத்தை மீட்டார்கள். ஆனாலும் சாமை திரும்பி வந்ததற்கு ஊருக்கு வந்த சின்ன அரவை இயந்திரமே பெரிய காரணம் என்று தோன்றுகிறது. சாமையைக் கையால் குத்திக் குத்திப் பெண்களின் தோள் இற்றுப்போனது. அந்தச் சுமை இறங்கிய பிறகுதான் விதையைக் காப்பதில் அவர்களுக்கு அர்த்தம் வந்தது. கடலிலும் இது பொருந்தும். ஐஸ், ஏலக்கூடம், வியாபாரியின் முன்பணத்திலிருந்து விடுதலை, பெண்களுக்கு மீன் ஏற்றிப்போகப் பேருந்தில் இடம், இவை இல்லாமல் மீனைக் காக்கச் சொல்வது, பாரத்தை மட்டும் ஊர் தலையில் ஏற்றுவதாகும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் என்னிடம் பெரிய திட்டம் இல்லை. 1983 சட்டத்தில் ஒரு திருத்தம் போதும் என்று தொடங்கலாம். மூன்று மைலுக்குள், ஓர் ஊரோ சில ஊர்களோ சேர்ந்து வகுத்த முறையை, அது நாள் முறையாயினும் வலை வரம்பாயினும், பதிவு செய்துகொள்ளும் உரிமை வேண்டும். பதிவான விதியை மீறி வரும் விசைப்படகை அரசு தன் அதிகாரத்தால் தடுக்க வேண்டும். அதற்கு ஈடாக ஊரும் சில வாக்குறுதிகள் தர வேண்டும். பக்கத்து ஊர்களின் ஒப்பம் இருக்க வேண்டும். அந்த நீரை நம்பி வாழும் இருளரும் தலித் மீனவரும் அதில் பெயரோடு இடம்பெற வேண்டும். ஆண் இல்லாத வீட்டுக்கும், பாசி எடுக்கும் பெண்ணுக்கும், மீன் சுமப்பவருக்கும் தலைக்கட்டு உண்டு என்று எழுத வேண்டும். யாரையும் ஊரை விட்டு ஒதுக்கிவைக்கும் தண்டனை கூடாது, மேல்முறையீட்டுக்கு இடம் இருக்க வேண்டும்.

பழவேற்காட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். மூன்று ஊர்களின் பழைய பாடு முறைப் பதிவை எடுத்து, ஏரியைச் சுற்றியுள்ள எல்லா ஊர்களையும் அழைத்து, புதிய பட்டியல் எழுதட்டும். முதல் பாடு யாருக்கு என்பதை வழக்கம்போல் சீட்டுப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.